எயினியின் பானை

அரசர்கள் குதிரைகளை நம்பி நாடு காத்த காலம் அது. அப்போது ஆற்றோரமாக ஒரு நாடு இருந்தது. அங்கே மழை ஓய்ந்ததும் நாணல் காட்டிலிருந்து ஈக்கள் கிளம்பும். சும்மா உட்கார்ந்து எழுந்து போகும் ஈ என்று நினைத்துவிடாதீர்கள். ஊசியாகக் குத்தி இரத்தம் குடிக்கும் கடி ஈ! அது வரும் பருவத்தில் குதிரைகள் தின்னாது, தூங்காது, நின்ற இடத்தில் நிற்காது.

அந்த நாட்டு அரசனின் லாயத்துக்குத் தலைவன் கொற்றன். தகப்பனுக்குப் பின் அந்த வேலைக்கு வந்தவன். குதிரைகளைத் தன் பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொள்வான். அதிலும் முகிலி என்ற பெண் குதிரை என்றால் அவனுக்கு உயிர். தாயை இழந்த குட்டியாக வந்த அதற்குத் துணியைப் பாலில் நனைத்து ஊட்டி வளர்த்தவன் அவன். இப்போது அது அரசன் ஏறும் குதிரை. ஆனாலும் கொற்றனின் காலடி கேட்டால்தான் கனைக்கும்.

ஈப்பருவம் வந்தால் கொற்றன் வேப்பிலையைக் குவித்துப் புகை போடுவான். புகை இருக்கும்வரை ஈ இருக்காது. புகை அடங்கினால் ஈ வந்துவிடும். குதிரைகள் இருமும், கண்ணில் நீர் வடிக்கும். "இதற்கு மேல் யாராலும் செய்ய முடியாது" என்பான் கொற்றன். எல்லோரும் அதை நம்பினார்கள். அவனும் நம்பினான்.

ஒரு வருடம், அரசியின் பிறந்த வீட்டிலிருந்து சில குதிரைகள் சீர்வரிசையாக வந்தன. அவற்றோடு எயினி என்ற பெண்ணும் வந்தாள். குதிரைகளைப் பராமரிப்பவள். லாயத்தின் கடைக்கோடியில் அவளுக்கு இடம் ஒதுக்கினார்கள்.

ஈப்பருவம் வந்தது. கொற்றனின் குதிரைகள் காலை உதைத்தன, வாலைச் சுழற்றின, தலையைத் தூணில் மோதின. எயினியின் குதிரைகளோ வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு, நிதானமாகப் புல்லை மென்றுகொண்டு நின்றன.

அரசன் லாயத்துக்கு வந்தான். எயினியின் குதிரைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "ஒரு கடித் தழும்புகூட இல்லையே! கைராசிக்காரி" என்றான். கொற்றனுக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

அடுத்து, அவன் கையின் கீழ் வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராகக் கடைக்கோடிக்குப் போகத் தொடங்கினார்கள். "அக்கா, இந்தப் புண்ணுக்கு என்ன போடலாம்?" "அக்கா, இந்தக் குதிரை தீனி எடுக்கவில்லை, கொஞ்சம் பாருங்கள்." நேற்றுவரை அவனிடம் கேட்டவர்கள் அவர்கள். கொற்றனுக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

அதையும் அவன் பொறுத்திருப்பான். ஆனால் ஒரு நாள் காலையில் அவன் முகிலியின் அருகே போனபோது, அது அவனைப் பார்க்கவில்லை. காதை முன்னே நீட்டி, கடைக்கோடியைப் பார்த்துக் கனைத்தது. அங்கே எயினி வந்துகொண்டிருந்தாள். முகிலி கழுத்தை நீட்டி அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது. கொற்றனுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அன்று அவன் சோற்றில் கை வைக்கவில்லை.

"என்ன செய்கிறாள் இவள்?" இதே யோசனைதான் அவனுக்கு. ஒளிந்து நின்று பார்த்தான். குதிரைகளை வேப்பிலை ஊறிய நீரில் குளிப்பாட்டினாள். சாணத்தைத் தொலைவில் கொண்டுபோய்க் கொட்டினாள். துணி போர்த்தினாள். 'இதெல்லாம் ஊர் பார்க்கச் செய்வது. உள்ளே வேறு ஏதோ இருக்கிறது' என்று நினைத்தான்.

இருக்கத்தான் செய்தது. மூலையில் ஒரு பானை. வாய்க்குத் துணி கட்டியிருந்தது. நாள்தோறும் அதிலிருந்து ஒரு சட்டியில் மொண்டுகொண்டு எயினி மரத்தோப்புப் பக்கம் போவாள். வெறும் சட்டியோடு திரும்புவாள். பின்னாலேயே நாலடி நடந்திருந்தால் அவள் என்ன செய்கிறாள் என்று தெரிந்திருக்கும். ஆனால் அவள் பின்னால் போவதா? லாயத்துத் தலைவனா? அவன் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் செய்தி வந்தது. நெடுநாள் பகைவனான பக்கத்து நாட்டு அரசன் சமாதானம் பேச ஆற்றங்கரைக்கு வருகிறான். நம் அரசன் முகிலியின் மேல் ஏறிப்போய் அவனை எதிர்கொள்ள வேண்டும்.

"ஈக்கடி உச்சத்தில் இருக்கிறது. எயினியே முகிலியைத் தயார் செய்யட்டும்" என்றான் அரசன்.

கொற்றன் முன்னே வந்து வணங்கினான். "அரசே, பாலூட்டி வளர்த்தவன் நான். அந்த நாளில் ஒரு ஈ அதன் மேல் உட்கார்ந்தால் என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்."

அரசன் சற்று யோசித்தான். "சரி, கொற்றா. உன் பொறுப்பு" என்றான்.

எயினி குதிரைகளை ஆற்றுக்கு ஓட்டிப் போயிருந்த வேளை பார்த்து, கொற்றன் அந்தப் பானையின் துணியை அவிழ்த்தான். குப்பென்று அடித்த நாற்றத்தில் அவனுக்குக் குமட்டியது. 'மருந்து என்றால் இப்படித்தான் இருக்கும். இந்த நாற்றத்துக்கு எந்த ஈ நிற்கும்?' என்று மகிழ்ந்தான். ஒரு குடுவை நிறைய மொண்டு மறைத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் பரிவாரம் புறப்படும் நேரம். கொற்றன் முகிலியின் கழுத்திலும் வயிற்றிலும் கால்களிலும் அதைத் தடவினான். சந்தனமும் பூவும் சாத்தி நாற்றத்தை மறைத்தான். கையைத் தன் மேல்துண்டில் துடைத்துக்கொண்டான். கூட்டத்தில் எயினியைத் தேடி, அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான்.

கோட்டையைத் தாண்டும்வரை ஒன்றும் இல்லை. ஆற்றங்கரை நெருங்கியது. நாணல் அசைந்தது. முதலில் ஒரு ஈ வந்தது. பிறகு பத்து வந்தன. பிறகு நாணல் காடே எழுந்து வருவதுபோல ஈ மேகம் வந்து முகிலியின் மேல் விழுந்தது.

முகிலி அலறியது. முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றது. எதிரே பகையரசனும் அவன் படையும் பார்த்திருக்க, நம் அரசன் சேற்றில் விழுந்தான். கை முறிந்தது. முகிலி முள்ளையும் புதரையும் கிழித்துக்கொண்டு ஓடி ஆற்றில் இறங்கிவிட்டது.

கொற்றன் பின்னாலேயே ஓடினான். ஆறு புது வெள்ளத்தோடு சுழித்துப் போனது. முகிலி கழுத்தளவு நீரில் நின்று தலையை உதறியது. தலை முழுவதும் ஈ.

"முகிலி! அம்மா! நான்தான்!" என்று கையை நீட்டிக்கொண்டு நீரில் இறங்கினான். அது அவன் கையை மோந்தது. அதே நாற்றம். மிரண்டு, ஒரு அடி ஆழத்துக்குப் பின்வாங்கியது. அவன் இன்னும் நெருங்கினான். அது இன்னும் ஒரு அடி பின்வாங்கியது. அதற்குப் பின்னால் சுழல்.

"அண்ணே! நில்லுங்கள்!" பரிவாரத்தோடு வந்திருந்த எயினி வெள்ளைத் துணியோடு ஓடி வந்தாள். காற்று அவன் பக்கமிருந்து வீசியது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அந்தப் பானையிலிருந்தா எடுத்தீர்கள்? ஐயோ அண்ணே, அது நாள்பட்ட மாட்டு மூத்திரம். ஈயை விரட்டுகிற மருந்து இல்லை, ஈயைக் கூப்பிடுகிற மருந்து! கரிபூசின சட்டிகளில் அதைத் தடவி, மேலே ஆலம்பால் பூசித் தோப்பில் தொங்க விடுகிறேன். குதிரை என்று நினைத்து ஈயெல்லாம் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே!"

கொற்றன் தன் கையை மோந்து பார்த்தான்.

"நீங்கள் தள்ளிப் போங்கள். உங்கள் கையைக் கண்டுதான் அது பயப்படுகிறது. நான் பார்த்துக்கொள்கிறேன்."

தான் வளர்த்த குதிரையை இன்னொருத்தி காப்பாற்ற, தான் விலகி நிற்பதா? அந்த நொடியிலும் அவன் நெஞ்சு எரிந்தது. முகிலி ஒருமுறை மூழ்கி எழுந்தது.

கொற்றன் கரையேறினான். காலையில் கை துடைத்த மேல்துண்டை உதறித் தலையிலும் தோளிலும் சுற்றிக்கொண்டான். இடுப்பிலிருந்த குடுவையை எடுத்து மிச்சத்தை மார்பில் ஊற்றிக்கொண்டான். பிறகு நாணலின் ஓரமாகக் கைகளை வீசிக்கொண்டு ஓடத் தொடங்கினான். "வாருங்கள்! என்னைக் கடியுங்கள்!"

ஈக்கள் வந்தன. முகிலியின் தலையிலிருந்து கொத்துக் கொத்தாகக் கிளம்பி அவன் மேல் அப்பின. அவன் நிற்கவில்லை. வயலைத் தாண்டி ஓடினான். அந்த இடைவெளியில் எயினி நீரில் இறங்கினாள். முகிலியின் மேல் ஒட்டியிருந்ததைத் தேய்த்துக் கழுவினாள், துணியைப் போர்த்தி, பிடரியைப் பற்றி மெல்லக் கரைக்கு நடத்தி வந்தாள்.

பகையரசன் அப்போது தன் குதிரையிலிருந்து இறங்கி, சேற்றில் கிடந்த நம் அரசனைத் தன் கையால் தூக்கிவிட்டிருந்தான். நல்லவேளை, சமாதானம் கெடவில்லை.

கையில் கட்டுப்போட்ட அரசன் சபையில் அமர்ந்தான். கொற்றனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். முகம் வீங்கிக் கண் மூடியிருந்தது. ஆனாலும் அவன் ஒன்றையும் மறைக்கவில்லை.

"நான் பொறாமைப்பட்டேன், அரசே. அவளிடம் கேட்க வெட்கப்பட்டேன், திருட வெட்கப்படவில்லை. சொன்னபடி தலையை எடுத்துக்கொள்ளுங்கள்."

அரசன் எயினியைப் பார்த்தான். "இவனுக்கு என்ன தண்டனை கொடுக்கலாம்?"

எயினி கொற்றனை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். "இனித் தண்டிக்க அவர் உடம்பில் இடம் இல்லை, அரசே" என்றாள்.

சபை சிரித்தது. அரசனும் சிரித்துவிட்டான். "லாயத்துக்கு இனி எயினி தலைவி. கொற்றா, விருப்பமிருந்தால் அவளுக்குக் கீழே இரு. இல்லையென்றால் ஊரைவிட்டுப் போ."

வீக்கம் வடிந்து கண் திறந்த அன்று கொற்றன் மூட்டை கட்டவில்லை. கடைக்கோடிக்கு நடந்தான். எல்லோரும் பார்த்திருக்க, எயினியின் முன்னே தரையில் உட்கார்ந்தான்.

"ஆலம்பால் எவ்வளவு பூச வேண்டும், அம்மா? சொல்லிக் கொடு" என்றான்.

ஆகவே குழந்தைகளே, பெரியவர்களே, பிறரிடம் ஒரு திறமையைக் கண்டால் பொறாமையில் புழுங்காமல், வாய்விட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும்.