நுரை நிற்கவில்லை

வைரக்கண்ணுவை முதலில் அவமானப்படுத்தியவன் தேசிங்கு. அதற்குப் பிறகும் சிலர் அவமானப்படுத்தினார்கள். அவர்களை அவர் மறந்துவிட்டார். தேசிங்கை மட்டும் எட்டு வருஷமாகத் தினமும் பல் துலக்கும்போது ஒரு தடவை நினைத்துக்கொள்வார்.

புதுச்சேரியில் சொந்தமாக பீர் காய்ச்சி விற்கும் சின்னக் கடைகள் நாலைந்து முளைத்திருந்த சமயம் அது. பல வருஷம் பீர் காய்ச்சிக் கைதேர்ந்த செலஸ்தீன், சனிக்கிழமை மதியங்களில் தன் வீட்டு மேசையில் ஆறு பேரை உட்காரவைத்து, பீரை எப்படிப் பார்ப்பது, முகர்வது, ருசிப்பது என்று கற்றுக்கொடுத்தாள். ஆறு பேரில் மூத்தவர் வைரக்கண்ணு. அஞ்சாங்கிளாஸ் படிப்பு, மூடிப்போன மில்லில் முப்பது வருஷ வேலை. ஆசிரியை அவரைவிட இருபது வயது சின்னவள். அவர் அவளைப் பிரெஞ்சு வழக்கப்படி மதாம் என்றுதான் கூப்பிடுவார்.

தேசிங்கும் அந்த மேசைக்காரன்தான். ஒரு சனிக்கிழமை வைரக்கண்ணு கிளாசை வாயில் வைத்து எடுத்ததும், எல்லார் முன்னாலும் சொன்னான்.

"அண்ணே, செருப்பை வாசல்ல விட்டீங்க இல்ல, அப்படியே மீசையையும் விட்டுட்டு வந்திருக்கலாம்."

மேசையே சிரித்தது. செலஸ்தீன் சிரிக்கவில்லை. எதுவும் சொல்லவும் இல்லை.

மீசை சாதாரண மீசை இல்லை. பதினெட்டு வயசிலிருந்து காலையும் மாலையும் விளக்கெண்ணெய் தடவி வளர்த்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு முதலில் பார்த்தது மீசையைத்தான், ஆளைப் பிறகுதான் பார்த்தேன் என்று அவர் மனைவியே சொல்வாள். அதைத் தொட்டுப் பேசியவன் வந்து ஒரு வார்த்தை வருத்தம் சொல்வான் என்று வைரக்கண்ணு காத்திருந்தார். தேசிங்கு வரவில்லை. அடுத்த மாதம் மேசையை விட்டுப் போய், ஊருக்கு வெளியே தானே பீர் காய்ச்ச ஆரம்பித்தான்.

வைரக்கண்ணு மேசையிலேயே இருந்தார். அவருடைய நாக்கு நல்ல நாக்கு. மாதத்துக்கு ஒரு தடவை செலஸ்தீன் வெளியிடும் தாளில் எந்தக் கடை பீர் எப்படி என்று எழுதுவது அவர் வேலையாயிற்று. கொஞ்ச வார்த்தைகளில் எழுதுவார். ஒரு கோதுமை பீருக்கு, "வாழைப்பழம் உரித்த கை மாதிரி மணக்கிறது. வெயிலுக்கு ஆகும்" என்று எழுதினார். ஒரு கறுப்பு பீருக்கு, "காபிக்கொட்டை வறுத்த சட்டி. இனிப்பைத் தேடுகிறவர் போக வேண்டாம்" என்றார். ஜனங்கள் அதை நம்பிப் போனார்கள். நம்பிப் போனவர்கள் ஏமாறவில்லை.

சனிக்கிழமை, அரை கிளாஸ், ஒரு பென்சில். அவருக்கு அந்த வாழ்க்கை பிடித்திருந்தது. ஒரே ஒரு குறை. மணம், ருசி, நுரை என்று தாளில் இருந்த கட்டங்களில் நுரைக் கட்டத்தில் மட்டும், எந்தக் கடையானாலும், ஒரே வரியைத்தான் எழுத வேண்டியிருந்தது. நுரை நிற்கவில்லை.

இந்த மாதம் தேசிங்கின் பீர் வந்தது. கம்புத் தானியத்தில் காய்ச்சியது. அவன் கடை தடுமாறுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. தாளில் நாலு நல்ல வார்த்தை வந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் பொங்கலுக்குள் பூட்டு என்றார்கள். கேட்டபோது வைரக்கண்ணுவுக்கு வயிறு குளிர்ந்தது.

ஆனாலும் நாக்கு பொய் சொல்லவில்லை. மணம் என்ற கட்டத்தில் "மழை விட்ட கம்பங்கொல்லை" என்று எழுதினார். ருசி நன்று என்று, மனசில்லாமல், எழுதினார். பிறகு நுரைக் கட்டத்துக்கு வந்து பென்சிலை அழுத்திப் பிடித்தார். "நுரை நிற்கவில்லை. காய்ச்சியவன் அவசரக்காரன். இந்தக் கடைக்கு யாரும் போக வேண்டாம்."

ஒரு கடையையே ஒதுக்கச் சொல்லி அவர் அதுவரை எழுதியதில்லை.

மற்றவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். செலஸ்தீன் தாளை வாங்கிப் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு அது என்னவோபோல் இருந்தது. பேச்சை மாற்றுகிறவர்போலக் கேட்டார்.

"மதாம், இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் நுரையை நிக்கவைக்கத் தெரியலையே, ஏன்?"

அவள் எழுந்து போய் இரண்டு கிளாஸ் கொண்டுவந்தாள். தேசிங்கின் பீரை இரண்டிலும் ஊற்றினாள். இரண்டிலும் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை எழும்பியது. ஒன்றை அவரிடம் தள்ளினாள். மற்றதைத் தான் குடித்தாள். அவரும் குடித்தார்.

பாதி கிளாஸ் ஆனதும் வைரக்கண்ணு பார்த்தார். அவள் கிளாசில் நுரை கெட்டித் தயிர்போல உட்கார்ந்திருந்தது. இறங்கிய இடமெல்லாம் கண்ணாடியில் வெள்ளை வளையம். அவருடையதில் ஒன்றும் இல்லை. மழைத் தண்ணீர்போல மொட்டையாகக் கிடந்தது.

கிளாஸ் சரியில்லை என்றார். அவள் தன் கிளாசை அவரிடம் கொடுத்தாள். அதில் இரண்டு வாய் குடித்தார். கொஞ்ச நேரத்தில் அந்த நுரையும் உடைந்து உடைந்து ஓரத்துக்கு ஒதுங்கிக் காணாமல் போனது.

செலஸ்தீன் மூன்றாவதாக ஒரு கிளாசை நிரப்பினாள். அலமாரியிலிருந்து ஓர் உறிஞ்சுகுழலை எடுத்து அதில் போட்டாள். குழந்தைகள் இளநீர் குடிக்கும் குழல்.

வைரக்கண்ணு குழலையும் அவளையும் பார்த்தார். கேலி இல்லை என்று தெரிந்ததும் குனிந்து உறிஞ்சினார். பாதி ஆயிற்று. முக்கால் ஆயிற்று. நுரை அசையவில்லை. பீர் குறையக் குறைய அதுவும் கூடவே இறங்கி, அடியில் போய் உட்கார்ந்தது.

அவர் கை தானாக மேலே போய் மீசையைத் தொட்டது. விரலில் எண்ணெய் பிசுபிசுத்தது.

எட்டு வருஷமாக எல்லாக் கடை நுரையையும் உடைத்தது அந்த எண்ணெய்தான்.

"எட்டு வருஷமா ஏன் மதாம் சொல்லல?"

"ஒருத்தர் சொன்னார். அவரோட பேச்சை விட்டுட்டீங்க. என்னோடயும் விடணுமா?"

"இன்னிக்கு மட்டும்?"

"இன்னிக்கு நீங்களே கேட்டீங்க."

வைரக்கண்ணு தாளைத் தன் பக்கம் இழுத்தார். ரப்பர் தேடினார். அழுத்தி எழுதியதால் எழுத்து சீக்கிரம் போகவில்லை. மூன்று வரியையும் தேய்த்து அழித்துவிட்டு, அந்த இடத்தில் எழுதினார். "நுரை கடைசி வாய் வரைக்கும் நிற்கிறது. பார்க்கவே போகலாம்."

எழுதியதைப் படித்துப் பார்த்தார். உண்மையாக இருந்தது. கிளாசின் அடியில் மிச்சமிருந்ததைக் குழலால் சத்தம் வர உறிஞ்சினார். நல்ல பீர்தான். அது ஒரு பக்கம் சந்தோஷமாக இருந்தது, ஒரு பக்கம் பொறுக்கவில்லை.

"அவன் சொன்னது சரிதான், மதாம். ஆனா அத்தனை பேரையும் சிரிக்க வெச்சானே. அது?"

செலஸ்தீன் கிளாஸ்களை ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்தாள்.

"அது இன்னும் பாக்கிதான், ஐயா. அதைப் போய் நுரையில வசூல் பண்ணாதீங்க."