காக்கைக்கு எந்த விரலில் மை?

ஊமத்தம்பட்டிக்காரர்கள் அறிவில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை என்று நாங்களே சொல்லிக்கொள்வோம். வேறு யாரும் சொல்வதில்லை. எங்கள் பள்ளி ஆசிரியர் சூசைமாணிக்கத்தின் தலையில் அன்று பறவைக் கணக்கெடுப்பு வேலை விழுந்தது.

மாணவர்கள் ஒரு மணி நேரம் உள்ளூர்ப் பறவைகளைப் பார்த்து, தாங்களே எண்ண வேண்டும். ஒரே பறவையை இரண்டு முறை எண்ணக் கூடாது என்று கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. போன வருடம் "பறவைகள்: நிறைய" என்று எழுதி அனுப்பி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். இந்த முறையும் சொதப்பினால் பத்து நாள் பயிற்சி வகுப்பு. அதுவும் முன் வரிசையில் உட்கார வேண்டும், தூங்க முடியாது.

ஆனால் சூசைமாணிக்கம் நாலு தேர்தல் வேலை பார்த்தவர். ஒரே ஆளை இரண்டு முறை எண்ணாமலிருக்க என்ன செய்வார்கள் என்று அவருக்கா தெரியாது? வாகை மரத்தடியில் மேசை போட்டார். கயிறு கட்டி ஆண் பறவைக்கு ஒரு வரிசை, பெண் பறவைக்கு ஒரு வரிசை என்று பிரித்தார். மேசைமேல் பதிவேட்டை விரித்து, அரிசியைத் தூவி, ஸ்டாம்பு மைப் பெட்டியைத் திறந்து வைத்தார்.

தலைமையாசிரியர் அருளப்பனுக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"மையை எந்த விரல்ல வைப்பீரு?"

"இடது கை ஆள்காட்டி விரல்லதான் சார்."

"அதுக்குக் கையே கிடையாதேய்யா."

சூசைமாணிக்கம் கண்ணை மூடி யோசித்தார். "காலுல பின்னால இருக்கிறது கட்டைவிரல். அப்போ அதை ஒட்டி முன்னால இருக்கிறது ஆள்காட்டி. இடது கால்ல வச்சிருவோம் சார்."

படித்த ஆள் படித்த ஆள்தான் என்று அருளப்பன் மெச்சிக்கொண்டார்.

முதலில் வந்தது ஒரு கோழி. பக்கத்து ஊர்ச் சந்தையில் வாங்கியது என்று விசாரித்ததில் தெரிந்ததால், உள்ளூர்ப் பறவை அல்ல என்று திருப்பி அனுப்பினார்கள். ஏழு மைனா, மூன்று காக்கை, ஒரு கரிச்சான் என்று ஆறாம் வகுப்பு மாணவி பூவரசி வாகைக் கிளையைக் காட்டி மூச்சுவிடாமல் எண்ணினாள். மை வைக்காததை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று அதட்டி அவளை உட்கார வைத்தார் சூசைமாணிக்கம்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. பதிவேடு வெள்ளைவெளேரென்று கிடந்தது. மனுஷனுக்குப் பயிற்சி வகுப்பு நினைவு வந்து அழுகையே வந்துவிட்டது.

அப்போது ஒரு காக்கை இறங்கியது. மையை நன்றாக மிதித்தது. பதிவேட்டின் மேல் இப்படியும் அப்படியும் நடந்து அரிசியைத் தின்றுவிட்டுப் பறந்தது. சூசைமாணிக்கம் ஓடிப்போய்த் தடங்களை எண்ணினார்.

"அறுபத்தி நாலு பேர் கைநாட்டு வச்சிருக்காங்க சார்," என்றார்.

மாலையில் கல்வி அலுவலகத்து அதிகாரி வந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பதிவேட்டை வெகுநேரம் பார்த்தார்.

"இதுல பாதி வலது கால். செல்லாது," என்றார். "ஞாயித்துக்கிழமை மறுபடி நடத்துங்க. எல்லாருக்கும் முன்கூட்டியே நோட்டீஸ் குடுத்துருங்க. வீட்டுல ஆள் இல்லேன்னா கதவுல ஒட்டிருங்க."

பயிற்சியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. சூசைமாணிக்கத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் விடிந்ததும் நோட்டீசும் பசையுமாக வாகை மரத்தில் ஏறினார். உச்சிக் கிளையில் கூடு இருந்தது. காக்கை வீட்டில் இல்லை. ஒட்டலாம் என்றால் கூட்டுக்குக் கதவும் இல்லை. இறங்கிப் போய் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வந்து மறுபடி ஏறினார்.