விரலை எடுத்த மருந்துக்காரி

சூப்பர் ஹீரோக்கள் குடும்பத்திலும் சண்டை வரும், கேளுங்கள். மஸ்கட்டில் வெல்டராக இருக்கும் பொன்சிங்கும், தூத்துக்குடியில் இருக்கும் அவன் பொண்டாட்டி ஜெபக்கனியும் தினமும் சந்தித்துக்கொள்வது போனில் ஆடும் சூப்பர் ஹீரோ ஆட்டத்தில்தான். அவன் இடிவீரன், அணிக்கே கேப்டன். அவள் மருந்துக்காரி. கையில் ஆயுதம் கிடையாது. அவள் திரையில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டே இருந்தால் அவன் காயம் ஆறிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

ஒருநாள் அணிக் கூட்டாளிகள் காதில் விழும்படி, பொன்சிங் மைக்கில் அவளிடம் சவடால் விட்டான். "இன்னைக்கு நீ ஒருத்தனையாவது சாய்ச்சுக் காட்டு. இல்லைன்னா நாளைக்கு உன் இடத்துல வேற ஆளு."

"யாரை வேணும்னாலும் சாய்க்கலாமாங்க?"

"இருக்கறதுலயே பெரிய ஆளாப் பார்த்துச் சாய்யி!"

கூட்டாளிகள் சிரித்தார்கள். இடிவீரன் வழக்கம்போல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எதிரிக் கூட்டத்துக்குள் பாய்ந்தான். ஜெபக்கனி மெல்லக் கட்டைவிரலை எடுத்தாள். அடுத்த நொடியே இடிவீரன் குப்புறக் கிடந்தான்.

"சாய்ச்சிட்டேங்க" என்றாள்.

உடனே மருந்துக்காரி குண்டுமழைக்குள் ஓடிப்போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடி விரலை வைத்துவிட்டாள். இடிவீரன் எழுந்தான்.

"கனி" என்றான், கூட்டாளிகள் கேட்பதையும் மறந்து. "நான் ஊருக்கு வந்து சேர்ற வரைக்கும் அந்த விரலை எடுத்துராத, என்ன?"