எத்திராஜ் கொடுத்த தட்டை

குன்றின் மேல் இருக்கும் எங்கள் குரு குன்றத்தம்மாவுக்கு வயது நாற்பத்தொன்றுதான். அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர்களில் ஒருவர் தணிகைவேல். இன்னொருவன் நான். எனக்கு ஞானமெல்லாம் வந்தபாடில்லை. வருகிறவர்களுக்குக் கஞ்சி வைக்கிறேன், பாத்திரம் கழுவுகிறேன். அடுப்படியில் இருந்தால் கூடத்தில் பேசுவது எல்லாம் கேட்கும். காதை என்ன, கழற்றியா வைக்க முடியும்?

குன்றுக்கு அந்தப் பக்கம் விமான நிலையம். அங்கே கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்து விமானங்களுக்கு இறங்கு, பொறு, கிளம்பு என்று சொல்வது தணிகைவேலின் வேலை. வியாழக்கிழமை காலை ஷிப்ட் முடிந்ததும் படியேறி இங்கே வருவார். மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. வீட்டில் பேச ஆள் இல்லை. இங்கே வந்தாலும் பேச மாட்டார். தலைக்கு மேலே விமானம் போனால் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஹைதராபாத், நாலு நிமிஷம் லேட்" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார். அவ்வளவுதான் பேச்சு. எனக்குப் பாவமாக இருக்கும்.

அந்த வியாழக்கிழமை ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வந்தார். அம்மா முன்னால் வைத்தார்.

"என்ன இது?"

"தட்டை. நீங்க வச்சுக்கோங்கம்மா."

"நீங்க வாங்கினதா?"

"இல்லை. எனக்கு ஒருத்தர் குடுத்தது."

அம்மா டப்பாவைத் தொடவில்லை.

"என்ன கேக்கணும்?"

"தூக்கம் வராம இருக்க ஒரு பயிற்சி சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குன்று ஏறி வருகிற எல்லாரும் தூக்கம் வரவில்லை என்றுதான் அழுவார்கள். இவர் ஒருத்தர்தான் தலைகீழ்.

"மேலே ரெண்டு நாற்காலிம்மா," என்றார் தணிகைவேல். "ஒண்ணுல இருக்கிறவர் விமானத்தோட பேசணும். இன்னொருத்தர் தரையில ஓடுற வண்டிங்களோட பேசணும். எட்டு மாசமா ரெண்டாவது நாற்காலி காலி. ஆள் போடலை. ரெண்டையும் நானேதான் பாக்கறேன்."

"முடியுதா?"

"முடியுது. ரெண்டு ஆள் வேலையைத் தணிகைவேல் ஒருத்தரே பாத்துடறார்னு ஆபீஸ்ல சொல்றாங்க." அதைச் சொல்லும்போது அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. "ஒரு ஷிப்டுல ஒரு தடவைகூட நான் கண்ணை மூடினது கிடையாது."

அம்மா மூலையில் இருந்த தாம்பாளத் தட்டு ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அதில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது.

"இங்கே குரங்குத் தொல்லை. இதைக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா? நான் போய்ப் படுக்கறேன்."

"பட்டப்பகல்லயா?"

"அசதியா இருக்கு."

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கேள்வி கேட்டவரைக் குரங்குக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டுக் குரு தூங்கப் போவதாவது.

தணிகைவேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கண் தட்டின் மேலேயே இருந்தது. ஒரு விமானம் போனது, கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொன்று போனது, பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மதிலில் குரங்கு வந்து உட்கார்ந்தது. பெரிய கடுவன். அது அவரைப் பார்த்தது, அவர் அதைப் பார்த்தார். அது இறங்கி, நிதானமாக நடந்து வந்து, தட்டுக்கு எதிரே உட்கார்ந்து ஒரு பழத்தை உரித்துத் தின்றது. அவர் கை அசையவில்லை. கண் திறந்தே இருந்தது. அது மீதிச் சீப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது.

நான் விறகுக்கட்டையை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன். பின்னாலிருந்து யாரோ கையைப் பிடித்தார்கள். அம்மா. எப்போது எழுந்து வந்தாரோ தெரியாது. பேசாதே என்று ஜாடை காட்டினார்.

அப்புறம் ஒன்றும் தெரியாதவர் போலப் போய் அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"யாராவது வந்தாங்களா?"

தணிகைவேல் சட்டென்று நிமிர்ந்தார். "யாரும் வரலைம்மா. நான் கண்ணையே மூடலை."

"மூடலை. நானும் பாத்தேன்."

அப்போதுதான் அவர் தாம்பாளத்தைப் பார்த்தார். ஒரு தோல் மட்டும் கிடந்தது. நான் கட்டையைக் கீழே போட்டேன். எனக்கு அடுப்பில் வேலை ஓடவில்லை.

"இப்படித்தாம்மா ஆச்சு," என்றார்.

"எப்போ?"

"போன வாரம் செவ்வாய்க்கிழமை, மத்தியானம். ஓடுபாதையில பறவை விரட்ட ஒரு ஜீப் போகும். எத்திராஜ்னு ஒருத்தர் ஓட்டுவார், பின்னால வெடி போட ரெண்டு பேர். என்கிட்ட கேட்டார், போலாம்னு சொன்னேன். சொன்ன கையோட ஒரு சிவப்புச் சீட்டை எடுத்து எதிர்ல இருக்கிற பலகையில சொருகணும். அது இருந்தா உள்ளே ஆள் இருக்குன்னு அர்த்தம். அது இருக்கிறவரைக்கும் எந்த விமானத்தையும் இறக்கக் கூடாது. அதுக்குள்ள விமானம் கூப்பிட்டுது. பலகையைப் பாத்தேன். சீட்டு இல்லை. இறங்குன்னு சொல்லிட்டேன்."

"சீட்டு எங்கே?"

"என் கையில. அதை வச்சு மேஜையைத் தட்டிட்டே இருந்திருக்கேன்."

"அப்புறம்?"

"விமானி ஜீப்பைப் பாத்துட்டு மறுபடி மேலே ஏறிட்டார். ஏன் ஏறினார்னு நோட்டுல எழுதணும். பறவைன்னு எழுதினேன்." அவர் டப்பாவைப் பார்த்தார். "சாயந்தரம் எத்திராஜ் கீழே காத்துட்டிருந்தார். தலைக்கு மேலே வந்த விமானத்தைத் திருப்பி அனுப்பி எங்க மூணு பேரையும் காப்பாத்திட்டீங்க சார்னு கையைப் பிடிச்சுக்கிட்டார். நீங்க மேலே இருக்கிற தைரியத்துலதான் நாங்க உள்ளே இறங்கறோம்னார். மறுநாள் வீட்டம்மா சுட்டதுன்னு இந்த டப்பாவைக் குடுத்தார். எட்டு நாளா வச்சிருக்கேன். திங்கவும் முடியலை, கொட்டவும் முடியலை. டப்பாவைக் காலியாத் திருப்பிக் குடுக்கறதும் வழக்கமில்லை."

"அதனால இங்கே கொண்டு வந்தீங்க."

"ஆமா."

"நடந்ததை ஆபீஸ்ல சொல்லலையா?"

"சொன்னா என்னை எடுத்துடுவாங்க. அது போகட்டும்மா, வேலை போனா போகுது. மேலே இருக்கிறது மொத்தமே அஞ்சு பேர். நான் போனா நாலு. என் ஷிப்டும் அவங்க தலையில விழும். அவங்களுக்கு மட்டும் அசதி இருக்காதா?"

"இருக்குன்னு உங்ககிட்ட சொன்னாங்களா?"

"யாரும் சொல்ல மாட்டாங்க."

"ஏன்?"

தணிகைவேல் டப்பா மூடியை விரலால் தடவினார். அவருக்குத் தெரிந்த பதில்தான், அதை இப்போதுதானே அவரே சொன்னார். ஐந்து பேரும் ஒருத்தரை ஒருத்தர் நினைத்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தர் எழுந்து போனபிறகு ஒருத்தர் வந்து உட்காருகிற இடம் அது. எட்டு மாதமாக ஒருத்தரோடு ஒருத்தர் சேர்ந்து உட்கார்ந்ததே இல்லை.

ஒரு விமானம் குன்றை உரசுவதுபோலத் தாழ்வாகப் போனது. தட்டில் கிடந்த தோல் நடுங்கியது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்குக் காலையில எனக்குத்தான் ஷிப்ட்," என்றார். "எத்திராஜும் வருவார்."

"சரி."

"ஒரு பயிற்சியும் இல்லையாம்மா?"

"இருந்துச்சு. செஞ்சேன், நீங்க பாத்தீங்க. அசதியா இருக்குன்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்தேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு டப்பாவை மெல்லத் தன் பக்கம் இழுத்தார்.

"அப்போ இதை என்ன செய்யட்டும்?"

"திறக்காம எத்திராஜ்கிட்டயே குடுங்க. ஒரு நாற்காலிதான் காலின்னு அவர் நினைச்சிட்டிருக்கார். அன்னைக்கு ரெண்டும் காலியா இருந்துச்சுன்னு சொல்லுங்க."

"சொன்னா நாளைக்கு அவர் ஓடுபாதையில இறங்க மாட்டார். அவர் இறங்கிப் பாக்காம ஒரு விமானமும் இறங்க முடியாது."

அம்மா எழுந்து, தட்டிலிருந்த தோலை எடுத்துக்கொண்டார்.

"இறங்கறதுன்னா இறங்கட்டும். தெரிஞ்சு இறங்கட்டும்."