மயிலனின் நெல்லிக்காய்த் தண்ணீர்

மலையடிவாரத்தில் பரந்து கிடந்த காடு ஒன்றில், குழந்தைகளே, இரண்டு மாட்டுக் கூட்டங்கள் வாழ்ந்தன. ஒன்று மேட்டுக் கூட்டம், மற்றது பள்ளத்துக் கூட்டம்.

கோடை தொடங்குமுன் ஆண்டுதோறும் அங்கே ஒரு போட்டி நடக்கும். இரண்டு கூட்டமும் தங்கள் காளையை யானைத் திடலுக்கு அனுப்பும். காளைகள் இரண்டு நாள் அங்கே தங்க வேண்டும். மூன்றாம் நாள் காலையில் யானைத் தலைவி வந்து பார்ப்பாள். எந்தக் காளை விலா நிறைந்து, தோல் மினுங்க, தெளிவாக நிற்கிறதோ, அதன் கூட்டத்துக்கே கோடை முழுவதும் ஆற்றங்கரைப் புல்வெளி. தோற்றவர்கள் பாறைக் கரட்டில் சருகு மேய வேண்டியதுதான்.

போன ஆண்டு தோற்றது மேட்டுக் கூட்டம். பசுக்களுக்குப் பால் வற்றி, கன்றுகள் எலும்பும் தோலுமாகிவிட்டன. அதனால் இந்த முறை தங்கள் காளை மயிலனை மஞ்சள்மூக்கியிடம் ஒப்படைத்தார்கள். மஞ்சள்மூக்கி, மாட்டின் முதுகிலேயே குடியிருந்து உண்ணி பொறுக்கும் வெள்ளைக் கொக்கு. நிதானமானவள்.

பள்ளத்துக் கூட்டமோ தங்கள் காளை செவலையனைத் துடுக்கன் என்ற குரங்கிடம் விட்டது. துடுக்கனுக்கு எதுவும் உடனே நடந்தாக வேண்டும்.

போட்டிக்கு இன்னும் இருபது நாள். துடுக்கன் மக்காச்சோளக் கதிரைக் கொண்டுவந்து மலைபோலக் குவித்தான்.

"தின்னு, தின்னு! வாயை மூடாதே!" என்று செவலையனின் தாடையைத் தட்டிக்கொண்டே இருந்தான். பத்தே நாளில் செவலையனின் வயிறு பீப்பாய் போல் உருண்டுவிட்டது.

மஞ்சள்மூக்கியோ மயிலனை நாளுக்கு நான்கு வேளை ஒரே இடத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே கொழுக்கட்டைப் புல் தழைத்திருந்தது. அவன் நாக்கைச் சுழற்றி ருசித்துத் தின்றுகொண்டிருக்கும்போதே, "போதும், நட" என்று முதுகில் கொத்துவாள். உச்சி வெயிலில் புங்கமர நிழலில் நிறுத்தி, மேலே மொய்க்கும் ஈயை விரட்டுவாள்.

"மஞ்சள்மூக்கி, எனக்கு இன்னும் பசிக்கிறதே!" என்றான் மயிலன்.

"பசிக்கிறதா? நல்ல சேதி சொன்னாய். இந்தப் பசியோடுதான் உன்னைத் திடலுக்குக் கூட்டிப்போகப் போகிறேன்."

சாம்பி என்ற பசுவுக்கு மனம் கேட்கவில்லை. "அந்தச் செவலையன் வைக்கோல் போர் மாதிரி நிற்கிறான். நீ இவனைப் பட்டினி போடுகிறாயே! என் கன்று இன்னொரு கோடையைத் தாங்காது" என்று கண் கலங்கினாள்.

மஞ்சள்மூக்கியும் அந்தக் கன்றை மறக்கவில்லை. ஆனாலும் அவள் அசையவில்லை. "சாம்பி அக்கா, இவன் கண்ணைப் பாருங்கள். மூக்கு ஈரமாக இருக்கிறதா, பாருங்கள். தீனியைக் கண்டதும் ஓடுகிறானா, பாருங்கள். இவை சரியாக இருக்கும்வரை எனக்குப் பயமில்லை" என்றாள்.

மறுநாள் அவள் யானைத் திடலுக்குப் பறந்துபோனாள். அங்கிருந்த புல்லைப் பார்த்தாள். எல்லாம் முரட்டுக் கோரை. பாறைத் தொட்டிகளில் இருந்த தண்ணீரைக் குடித்துப் பார்த்தாள். ஒரே சேற்று வாடை.

'இதை மயிலன் மோந்துவிட்டுத் திரும்பிக்கொள்வான். தண்ணீர் குடிக்காத மாடு தீனியும் எடுக்காதே!' என்று யோசித்தாள்.

அன்று மாலையே மயிலன் குடிக்கும் குழித் தண்ணீரில் கொத்திப் பிளந்த நெல்லிக்காய்களைப் போட்டாள்.

"என்ன இது? துவர்க்கிறது!" என்று மயிலன் உதட்டைச் சுருக்கினான்.

"பழகிக்கொள். பிறகு நீயே கேட்பாய்."

நான்கு நாள் கழித்து நெல்லிக்காய் வாசம் இல்லாத தண்ணீரை மயிலன் தொடவே இல்லை.

திடலுக்குப் போகும் நாள் வந்தது. மேட்டுப் பசுக்கள் கொழுக்கட்டைப் புல்லைப் பறித்து, கொடியால் கட்டி, மயிலனின் கொம்பில் மாட்டிவிட்டன.

துடுக்கன் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். "விருந்துக்கு வருகிறவன் சோற்று மூட்டை கட்டிக்கொண்டு வருவானா?"

மஞ்சள்மூக்கி மயிலனைத் திடலுக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த ஒரு தொட்டியில் நெல்லிக்காய்களைப் போட்டாள். மயிலன் மோந்தான், மடமடவென்று குடித்தான். வழக்கமான வேளையில் வழக்கமான புல்லைத் தின்றுவிட்டு, படுத்து அசைபோட்டான்.

செவலையனும் வேறொரு தொட்டியை மோந்தான். சேற்று வாடை பிடிக்காமல் திரும்பிக்கொண்டான். சோளம் ஏற்கெனவே வயிற்றில் கல்லாய்க் கிடந்தது. மறுநாள் அவன் வாயையே திறக்கவில்லை.

"ஒரே ஒரு கதிர், என் ராசா!" என்று துடுக்கன் கெஞ்சினான். பலிக்கவில்லை. தன் காளை தின்னாவிட்டால், மயிலனுக்கும் சோளத்தை ஊட்டி அவனையும் தின்னாமல் செய்துவிடலாம் என்று தோன்றியது அவனுக்கு.

அன்று பிற்பகல் மஞ்சள்மூக்கி நெல்லிக்காய் கொண்டுவரப் போயிருந்தாள். திரும்பி வரும்போது மேலிருந்தே பார்த்தாள். மயிலன் முன்னால் சோளக்கதிர் குவியலாகக் கிடந்தது. பக்கத்தில் துடுக்கன்!

"நாளைக்குப் போட்டி, மயிலா. உனக்குப் போய்க் காய்ந்த புல்லா? ஆசை தீரத் தின்னு!"

மயிலனுக்கு எச்சில் ஒழுகியது. நாக்கு வெளியே நீண்டது. மஞ்சள்மூக்கிக்கு ஒரு கணம் இறக்கையே ஓடவில்லை. சண்டை போட்டால், 'அன்பாகக் கொடுத்தது தப்பா?' என்பான். மயிலனும் அதற்குள் வாய் வைத்துவிடுவான்.

சட்டென்று இறங்கி, மயிலனின் மூக்கின்மேலேயே உட்கார்ந்தாள்.

"அடடா, துடுக்கா! எவ்வளவு தாராள மனசு உனக்கு!" என்று திடல் முழுவதும் கேட்கும்படி சொன்னாள். "ஆனால் உன் காளை இருக்கும்போது நாங்கள் முதலில் தொடலாமா? செவலையன் ஒரு வாய் தின்னட்டும். அவன் தின்றால் மயிலனும் தின்பான்."

அருகில் மண்ணை வாரி மேலே போட்டுக்கொண்டிருந்த யானைத் தலைவி திரும்பினாள். "நியாயமான பேச்சு. கொண்டுபோய்க் கொடு, துடுக்கா."

துடுக்கனால் மறுக்க முடியவில்லை. கதிரைச் செவலையன் முன்னால் வைத்தான். செவலையன் முனகினான், கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இவனுக்கு என்ன கொடுத்தாய்?" என்று கேட்டாள் யானை.

"நல்லதைத்தான் கொடுத்தேன், தாயே!"

"எவ்வளவு?"

துடுக்கன் தலையைச் சொறிந்தான்.

மறுநாள் காலையில் செவலையன் வயிறு உப்பி, கண் மங்கி, தலையைத் தொங்கவிட்டு நின்றான். மயிலன் அப்போதுதான் தின்று, குடித்து, விலா நிறைய நின்றான். யானைத் தலைவி ஒருமுறைதான் சுற்றி வந்தாள். தும்பிக்கையை மயிலனின் திமில்மேல் வைத்துவிட்டாள்.

"ஆற்றங்கரை நமக்கு!" என்று, பார்க்க வந்திருந்த சாம்பி கன்றிடம் சொல்ல ஓடினாள்.

துடுக்கன் செவலையன் அருகில் உட்கார்ந்து அழுதான். "இவன் செத்துவிடுவானா, அக்கா?"

"மாட்டான்" என்றாள் மஞ்சள்மூக்கி. மீதமிருந்த புல்கட்டை அவன் பக்கம் தள்ளினாள். "சோளத்தைக் கண்ணில் காட்டாதே. மெதுவாக நடத்தி உங்கள் குட்டைக்கே கூட்டிப்போ. அந்தத் தண்ணீரைக் குடிப்பான். பிறகு இந்தப் புல்லில் ஒரு பிடி மட்டும் வை. அவனாகக் கேட்கும்வரை காத்திரு."

குட்டைக்குத் திரும்பிய மூன்றாம் நாள் செவலையனின் தாடை மெல்ல அசைந்தது. அசைபோடத் தொடங்கிவிட்டான்! துடுக்கன் துள்ளிக் குதித்து, ஒரு பெரிய கதிரை எடுக்க ஓடினான். பாதி வழியில் நின்றான். திரும்பி வந்து, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

நீதி: வேளையும் அளவும் அறிந்து கொடுப்பவரே நன்றாக வளர்ப்பவர், அவசரத்தில் அள்ளிக் கொடுத்தால் நல்ல தீனியும் கெடுதல் செய்யும்.