ராஜாவின் மார்பில் சிவப்புப் புள்ளிகள்

முன்னொரு காலத்தில் வெண்குன்ற நாட்டை மணிமுடி வழுதி என்ற ராஜா ஆண்டு வந்தான். அவன் அவையில் ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு புழுங்கினாலும் கழுத்துவரை அங்கி போட்டுத்தான் வர வேண்டும். அதனால் அந்த அவையில் ஒருவர் மார்பை இன்னொருவர் பார்த்ததே கிடையாது. நடந்த கூத்துக்கெல்லாம் அதுதான் காரணம்.

ஐம்பதைத் தாண்டிய ராஜா ஒருநாள் எண்ணெய்க் குளியலின்போது குனிந்து பார்த்தான். மார்பிலும் வயிற்றிலும் குன்றிமணி நிறத்தில் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு. தேய்த்தாலும் போகவில்லை. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. ராஜா பயந்துபோய்க் கூச்சல் போட்டான்.

ஓடி வந்தார் சேனாதிபதி வீரபாகு. ராஜாவைவிட மூத்தவர். அமைச்சர் நல்லடியாரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். எண்ணெய் தேய்க்கும் சடையனோ அமைச்சர் சேர்த்துவிட்ட ஆள். விடுவாரா? எண்ணெயில் நஞ்சு கலந்திருக்கிறது, வேறெதனாலும் இப்படிப் புள்ளி வராது என்று அடித்துச் சொன்னார். போன மாதம்தான் கல்யாணமான சடையன் ராஜாவின் காலில் விழுந்தான். பொழுது சாய்வதற்குள் அவன் தலையை வாங்கும்படி உத்தரவாகிவிட்டது.

அவை கூடியதும், அமைச்சர் மறுத்துப் பேசுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரோ சேனாதிபதி சொன்னால் சரிதான் என்றார். அவையே திகைத்தது.

"அப்படியானால் அரசே, புள்ளி உள்ளவர்கள் எல்லோரும் நஞ்சைத் தொட்டவர்கள். சதியில் யார் யார் என்று தெரிய வேண்டாமா? அவையோர் அங்கியைக் கழற்றட்டும்" என்றார்.

முதலில் சடையன் கழற்றினான். ஒரு புள்ளிகூட இல்லை. அடுத்து சேனாதிபதியின் முறை; அவரோ அங்கியின் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். காவலர்கள் இழுத்துக் கழற்றினால், மார்பு நிறையச் சிவப்பு. ராஜா அதிர்ந்து அரியணையை விட்டே எழுந்துவிட்டான். வாள்கள் உருவப்பட்டன.

"அரசே, இது நஞ்சில்லை. நாற்பதுக்கு மேல் தானாக வந்தது. என் அப்பாவுக்கும் இருந்தது" என்று சேனாதிபதி கதறினார்.

அமைச்சர் தம் அங்கியையும் கழற்றினார். அவர் வயிற்றிலும் அதே பொட்டுகள். வயது ஏறினால் தோலுக்கடியில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் சிலருக்கு இப்படிப் புடைத்துக்கொள்ளும், பரம்பரையாகவும் வரும், பயப்பட ஒன்றுமில்லை என்று விளக்கினார்.

சடையனுக்குத் தலையும் தப்பியது, ராஜாவின் முத்துமாலையும் கிடைத்தது. தெரிந்தே பொய் சொன்ன வீரபாகு பதவியை இழந்தார். இனி அங்கி இல்லாமல்தான் அவைக்கு வர வேண்டும் என்பது அவருக்குத் தண்டனை.

எல்லாம் முடிந்தும் ராஜா அவையைக் கலைக்கவில்லை. "அப்படியென்றால் எனக்கு வயதாகிவிட்டதா?" என்று கேட்டான். அமைச்சர் மெல்லத் தலையாட்டினார். நஞ்சு என்று கேட்டபோதுகூட ராஜாவின் முகம் அப்படி வெளிறவில்லை.

"நஞ்சாக இருந்திருந்தால் முறிவு மருந்தாவது இருந்திருக்கும், நல்லடியாரே" என்றான்.