பலவேசத்துக்கு வைத்த காண ரசம்

கூத்தன்பாறை மடத்தில் சோற்றைப் பற்றி இரண்டே சட்டங்கள். சாப்பிடுகிறவர் இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்கக் கூடாது. சமைக்கிறவர், சாப்பிடுகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் உலை வைக்கக் கூடாது. முதல் சட்டத்தை எல்லாரும் சுலபமாக ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

அடுக்களை ஆவுடையப்பரின் பொறுப்பில் இருந்தது. கல்யாண வீடுகளில் பந்தி பந்தியாகச் சமைத்துப் போட்டவர், மனைவி போன பிறகு மலையேறி வந்து பேராச்சியம்மாவிடம் சீடராகச் சேர்ந்தார். குருவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். சீடர் குருவை அம்மா என்பார். இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது.

ஐப்பசி மழை ஓய்ந்து, கார்த்திகைக் குளிர் மலையிலிருந்து இறங்கிய முதல் சாயங்காலம். ஆவுடையப்பர் பற்றவைக்காத அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். விறகு இருந்தது, அரிசி இருந்தது, கை மட்டும் எழவில்லை.

பேராச்சியம்மா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"ராத்திரிக்கு என்ன வைக்கப் போறிய அண்ணாச்சி?"

"மத்தியானச் சோறு கெடக்கும்மா. தண்ணி ஊத்தி வச்சிருக்கேன். மோரும் ஊறுகாயும் இருக்கு."

"நேத்தும் அதான்."

"ஆமாம்மா."

"வெளிய வந்து பாத்தியளா? நல்லா குளிருது."

அம்மா இருமினார். ஆவுடையப்பர் அடுப்புச் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குளிர் வந்தாலே எனக்குப் பலவேசம் ஞாபகம்தாம்மா வருது" என்றார்.

பலவேசம் லாரி ஓட்டிக் காலத்தைக் கழித்துவிட்டு மடத்துக்கு வந்தவர். வாய்த்துடுக்கு உண்டு. போன வருடம் இதே மாதிரி ஒரு குளிரில், இதே வாசலில், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். நெஞ்சில் சளி கட்டியிருந்தது. மூச்சு விடுவது அடுக்களைக்குள் கேட்டது.

"ஆவுடை, ஒரு நாளைக்குக் காண ரசம் வையேன். நெஞ்சுக்கு எதமா இருக்கும்" என்றார். கொள்ளுக்கு அந்தப் பக்கத்தில் காணம் என்று பெயர்.

"கேட்டுச் சாப்பிட இது என்ன ஓட்டலா? மடத்துச் சட்டம் தெரியாதா ஒமக்கு?" என்று ஆவுடையப்பர் எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பலவேசமும் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ஆவுடையப்பர் கல்நெஞ்சக்காரர் இல்லை. கேட்டதும் வைத்துக் கொடுத்தால் தன் கெத்து என்னாவது என்றுதான் யோசித்தார். இரண்டு நாள் விட்டு, தானாக வைத்தது மாதிரி வைத்துவிடலாம் என்று இருந்தார். ஆனால் காணத்தைக் காலையிலேயே ஊறப்போட வேண்டும். அவருக்கோ தினமும் சாயங்காலம், விளக்கு வைக்கும்போதுதான் அது ஞாபகம் வரும். சரி, நாளைக்கு என்று விட்டுவிடுவார். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு விடியற்காலையில் பலவேசம் எழுந்திருக்கவில்லை. மேட்டில் மஞ்சணத்தி மரத்தடியில் அடக்கம் செய்தார்கள். காணம் டப்பாவில் அப்படியே இருந்தது.

"கேக்கக் கூடாத எடத்துல ஒரே ஒரு தடவ கேட்டாரும்மா" என்றார் ஆவுடையப்பர். "அதையும் கொடுக்காம அனுப்பிட்டேன். இந்தப் பாவத்த எங்க போய்த் தொலைக்க? நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

பேராச்சியம்மாவுக்கு இருமல் வந்தது, நின்றதும் பேசினார்.

"நாளைக்குக் காலையில காணத்த ஊறப்போடுங்க."

"இப்பமா? அவரு போன பெறகா?"

"குளிர் வந்துட்டுல்லா" என்று சொல்லிவிட்டு அம்மா போய்விட்டார்.

அன்று ராத்திரியும் பழைய சோறுதான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சட்டம் அப்படி.

மறுநாள் பொழுது புலர்ந்ததுமே ஆவுடையப்பர் காணத்தைக் கல் பொறுக்கி ஊறப்போட்டார். இத்தனை நாளும் மனதில் கிடந்த பாரம் இன்றைக்கு இறங்கிவிடும் என்று நம்பினார். மத்தியானத்துக்கு மேல் அடுப்பைப் பற்றவைத்தார். காணம் வெந்தது. தண்ணீரை வடித்து, புளி கரைத்து, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டார். கல்யாணத்துக்குக்கூட அப்படி ஒரு ரசம் வைத்ததில்லை. வைக்கும்போதே அழுகை வந்தது, துண்டால் துடைத்துக்கொண்டார்.

வாசம் மடம் முழுக்கப் போனது. கிணற்றடியில் இருந்தவர் எழுந்து உள்ளே வந்தார். திண்ணையில் சுருண்டு படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். நெடுநாளைக்குப் பிறகு எல்லாரும் கூப்பிடாமலே தட்டுகளோடு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள்.

ஆவுடையப்பர் எல்லாருக்கும் பழைய சோற்றைப் போட்டு மோரை ஊற்றினார். தட்டுகளைப் பார்த்து ஊற்றினார், முகங்களைப் பார்க்கவில்லை. பிறகு ரசப் பானையைத் துணி சுற்றித் தூக்கினார். பலவேசத்துக்குப் படைக்க வைத்ததில் வேறு யார் வாயும் படக் கூடாது என்பது அவருடைய எண்ணம்.

அடுக்களை வாசலில் யாரோ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்கள். "கொஞ்சம் வழி விடுங்க, சூடா இருக்கு" என்றார் ஆவுடையப்பர். ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் நிமிர்ந்து பார்க்காமல் மேட்டை நோக்கி நடந்தார்.

மஞ்சணத்தி மரத்தடியில் இருட்டத் தொடங்கியிருந்தது. காற்று ஊசியாகக் குத்தியது. ஆவுடையப்பர் மண்மேட்டின் தலைமாட்டில் உட்கார்ந்து, அகப்பையால் மொண்டு மொண்டு ஊற்றினார்.

"குடியும் பலவேசம். ஒமக்குன்னே வச்சது. பூண்டு தூக்கலாப் போட்டிருக்கேன்."

மண்ணிலிருந்து ஆவி எழும்பியது. கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கியது. அவர் விடாமல் ஊற்றினார். அகப்பைக்கு எட்டாத அடி மண்டியையும் பானையைக் கவிழ்த்து ஊற்றினார். பிறகு வாய்விட்டு அழுதார்.

பின்னால் இருமல் சத்தம் கேட்டது. பேராச்சியம்மா ஏறி வந்துகொண்டிருந்தார். நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். நெஞ்சில் சளி கட்டியிருந்தது மூச்சிலேயே தெரிந்தது. போர்வைக்கு வெளியே நீண்டிருந்த கையில் ஒரு டம்ளர் இருந்தது.

ஆவுடையப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்க சொன்ன மாதிரியே வச்சிட்டேம்மா. ஒரு சொட்டு மிச்சம் வைக்காம ஊத்திட்டேன்."

அம்மா பானைக்குள் எட்டிப் பார்த்தார். ஈரமான மண்ணையும் பார்த்தார்.

"அவருக்குப் போய்ச் சேந்திருக்குமாம்மா?"

பேராச்சியம்மா மறுபடி இருமினார். இந்தத் தடவை இருமல் நிற்க வெகு நேரம் ஆனது. நின்ற பிறகு, காலி டம்ளரைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி" என்றார். "எனக்கு வந்து சேரல."